பழைய பாடலும் புதிய பட்டியலும்

1986ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனின் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பெற்ற பாடகர் அப்போது உயிரோடு இல்லை. அமெரிக்கரான ஜாக்கி வில்சன் 1984 சனவரியிலேயே மறைந்துவிட்டார். முதலிடம் பெற்ற ‘ரீட் பெட்டீட்’ என்னும் பாடலோ அவர் 1957இல் பாடி வெளியிட்டது. களிமண் உருவங்களை அசையச் செய்து அப்பாடலுக்கென எடுக்கப்பட்ட படமொன்றை பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பியது. பார்த்தவர்கள் பாடலை விரும்பினர். இசைத்தட்டு மீண்டும் கடைகளுக்கு வந்தது. நான்கு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. வில்சன் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் அப்போது அவர் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 1987இல் நன்கொடை திரட்டிய பின்னரே அது நாட்டப்பட்டது.

இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த அந்த முதலிடத்தால் பாடியவர் பெற்றது ஒன்றுமில்லை. ஆயினும், அவரை அறியாத ஒரு தலைமுறை அவருடைய குரலைக் கேட்டது. பழைய பாடலொன்று மறுவெளியீடு பெற்றுப் பட்டியலில் ஏறுவது எதற்குப் பயன்படுகிறது என்னும் வினா இங்கிருந்தே தொடங்குகிறது. இன்று அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை 1986இல் கிடைத்த விடையன்று.

பிரிட்டனின் முதல் தரவரிசைப் பட்டியல் 1952 நவம்பர் 14 அன்று ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ என்னும் இதழில் வெளிவந்தது. அதற்கெனப் பெரிய அமைப்பு எதுவும் அன்று இல்லை. அவ்விதழின் விளம்பரப் பிரிவைச் சேர்ந்த பெர்சி டிக்கின்ஸ், ஏறத்தாழ இருபது இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, அவ்வாரத்தில் மிகுதியாக விற்றவை எவை எனக் கேட்டுத் தொகுத்தார். பட்டியலின் இயல்பு அன்றே முடிவாகிவிட்டது. அது பாடலின் தரத்தை அளப்பதன்று. ஒரு வாரத்தின் விற்பனையை அளப்பது. ஒருவர் வாங்கிய இசைத்தட்டை வீட்டில் நூறுமுறை கேட்டாலும், ஒருமுறை கேட்டுவிட்டு மூலையில் வைத்தாலும் பட்டியலுக்கு அது ஒரு விற்பனையே.

எனினும் அந்த எண்ணுக்கு ஆற்றல் இருந்தது. பட்டியலில் ஏறிய பாடலை வானொலி மீண்டும் மீண்டும் ஒலிபரப்பியது. 1964 முதல் 2006 வரை பி.பி.சி. வாரந்தோறும் ஒளிபரப்பிய ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சி, பட்டியலில் ஏறுமுகமாக இருந்த பாடல்களையே பெரும்பாலும் காட்டியது. கேட்டவர் கடைக்குச் சென்றனர், விற்பனை உயர்ந்தது, பாடல் இன்னும் மேலே சென்றது. கிணற்று ஏற்றத்தைப் போல ஒரு முனையை அழுத்தினால் மறுமுனையில் நீர் வந்தது. கடைகளிலிருந்து மறைந்துவிட்ட பழைய பாடலுக்கு இந்த ஏற்றம் இன்றியமையாததாக இருந்தது. இசைத்தட்டு மறுபடியும் அச்சிடப்படாவிட்டால், கேட்க விரும்புவோர்க்கும் அப்பாடல் எளிதில் கிட்டாது.

இதை நன்கு பயன்படுத்திக்கொண்டது ஆடை விளம்பரம் என்பது சற்று வியப்பானது. லீவைஸ் நிறுவனம் 1985 முதல் தன் ஜீன்ஸ் விளம்பரங்களில் அறுபதுகளின் பாடல்களை ஒலிக்கச் செய்தது. பென் ஈ. கிங் பாடிய ‘ஸ்டாண்ட் பை மீ’ 1961இல் பிரிட்டனில் 27ஆம் இடத்தையே எட்டியிருந்தது. அதே பெயரில் வந்த திரைப்படமும் இவ்விளம்பரமும் சேர, 1987இல் அது முதலிடம் பெற்றது. அப்போது இரண்டாமிடத்தில் இருந்த பெர்சி ஸ்லெட்ஜின் பாடலும் லீவைஸ் விளம்பரத்தில் ஒலித்ததுதான். கால்சட்டை விற்கப் போன பாடல்கள் தாமும் விற்றுத் திரும்பின.

ஆனால் அளவுகோல் எதுவென அறிந்தவர்கள், அதற்கேற்பப் பொருளைச் செய்யவும் கற்றுக்கொள்வர். எல்விஸ் பிரெஸ்லியின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி, 2005 சனவரி முதல் அவருடைய முதலிடப் பாடல்கள் வாரத்திற்கு ஒன்றாக, வரையறுத்த எண்ணிக்கையில் மறுவெளியீடு செய்யப்பட்டன. தொகுப்பை முழுமையாக்க விரும்பிய சேகரிப்பாளர் வாரந்தோறும் கடைக்கு வந்தனர். ‘ஜெயில்ஹவுஸ் ராக்’ மீண்டும் முதலிடம் பெற்றது. அடுத்த வாரம் ‘ஒன் நைட்’ பிரிட்டனின் ஆயிரமாவது முதலிடப் பாடல் என்னும் சிறப்பைப் பெற்றது. இசைத்தட்டு விற்பனை மிகவும் நலிந்திருந்த காலம் அது. ஏறத்தாழ இருபதாயிரம் படிகள் விற்றாலே முதலிடம் கிட்டியது. எல்விஸின் பெருமைக்கு இதனால் குறைவில்லை. எனினும் இங்கே வென்றது பாடல் என்பதைவிட விற்பனைத் திட்டம் என்பதே பொருந்தும்.

அதன்பின் பட்டியலின் அடித்தளமே மாறியது. 2005இல் இணையப் பதிவிறக்கங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டன. 2007 சனவரி முதல், கடையில் இசைத்தட்டாகக் கிடைக்காத பாடலும் பதிவிறக்கம் செய்யப்பட்டாலே பட்டியலில் இடம்பெறலாம் என்றானது. ‘மறுவெளியீடு’ என்னும் சொல்லே அன்றோடு பொருளிழக்கத் தொடங்கியது எனலாம். எந்தப் பழைய பாடலும் எப்போதும் கையருகே இருக்கிறது. மீண்டும் வெளியிட ஒருவர் தேவையில்லை. 2014 சூலை முதல் செயலிகளில் பாடல் கேட்கப்படும் எண்ணிக்கையும் சேர்ந்தது. நூறுமுறை கேட்கப்பட்டால் ஒரு விற்பனை என்பது தொடக்கக் கணக்கு. வாங்குவதை மட்டும் எண்ணிய பட்டியல் கேட்பதையும் எண்ணத் தொடங்கியது.

கேட்பதை எண்ணியதால் புதிய இடர்ப்பாடு ஒன்று தோன்றியது. வாங்கியவர் மீண்டும் வாங்கமாட்டார். கேட்டவரோ மீண்டும் கேட்பார். பாடல்கள் பட்டியலைவிட்டு இறங்காமல் நின்றன. 2017 மார்ச்சில் எட் ஷீரனின் தொகுப்பொன்றிலிருந்த பதினாறு பாடல்களும் ஒரே வாரத்தில் முதல் இருபது இடங்களுக்குள் வந்துவிட்டன. புதியவர்களுக்கு வழிவிட வேண்டி, அவ்வாண்டிலேயே ஒரு விதி கொண்டுவரப்பட்டது. சில வாரங்கள் பட்டியலில் இருந்து, தொடர்ந்து இறங்குமுகம் காட்டும் பாடலின் கேட்பு எண்ணிக்கைக்குப் பாதி மதிப்பே தரப்படும். வெளியாகி மூன்றாண்டு கடந்த பாடலுக்கோ தொடக்கத்திலிருந்தே பாதி மதிப்புதான். அதாவது புதிய பாடலை நூறுமுறை கேட்பதும் பழைய பாடலை இருநூறுமுறை கேட்பதும் சமம்.

இவ்விதியின் கடுமை 2022இல் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்னும் இணையத்தொடரின் நான்காம் பருவம் அவ்வாண்டு மே 27 அன்று வெளியானது. அதில் துயருற்ற சிறுமியொருத்தியை மீட்டெடுக்கும் பாடலாக, கேட் புஷ் 1985இல் வெளியிட்ட ‘ரன்னிங் அப் தட் ஹில்’ ஒலிக்கிறது. வெளியான காலத்தில் பிரிட்டனில் மூன்றாமிடம் வரை சென்ற பாடல் அது. தொடரைப் பார்த்த பதின்பருவத்தினர், தம் பெற்றோரின் இளமைக்காலப் பாடலொன்றைத் தமதாக்கிக்கொண்டனர். சூன் 10 அன்று வெளியான பட்டியலில் அது இரண்டாமிடம் பெற்றது. பாதி மதிப்பு என்னும் விதி தடுத்திராவிட்டால் அவ்வாரமே முதலிடம் கிட்டியிருக்கும். பின்னர் அப்பாடலுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. சூன் 17 அன்று அது முதலிடம் ஏறியது. வெளியான நாளுக்கும் முதலிடத்துக்கும் இடையே 37 ஆண்டுகள். கேட் புஷ் தம் முந்தைய முதலிடத்தை 1978இல் பெற்றபோது அவருக்கு வயது 19, இப்போது 63.

இந்த முதலிடம் அவருக்குப் புதிய கேட்போரைத் தந்ததா? உண்மையில் கேட்போர் முன்னரே வந்துவிட்டனர். எண் அவர்களைப் பின்தொடர்ந்தே வந்தது. ஏற்றமாக இருந்த பட்டியல் இப்போது நீர்மட்டம் காட்டும் அளவுகோலாகிவிட்டது. பொருள்வரவு கருதினாலும் தரவரிசையைவிட முதன்மையானது வேறொன்று. கேட் புஷ் அப்பாடலைத் தாமே எழுதி, இசையமைத்து, தயாரித்தவர். ஒலிப்பதிவின் உரிமையும் அவரிடமே இருந்தது. ஆகவே பாடல் மீண்டும் ஒலித்தபோது பயன் அவரைச் சென்றடைந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பாடியவர்களில் பலர், தம் ஒலிப்பதிவுகளின் உரிமையை நிறுவனங்களிடம் விட்டுச் சிறு பங்கையே பெற்றவர்கள். அவர்களுடைய பாடல் எத்தனை முறை முதலிடம் பெற்றாலும் அந்நிலை மாறாது. உரிமை யாருக்கு என்பதை ஒப்பந்தம் முடிவு செய்கிறது, பட்டியல் அன்று.

அப்படியானால் அந்த எண் வெறும் அலங்காரமா எனில், அதுவும் இல்லை. ஒரு நாட்டின் மக்கள் எவ்வாரத்தில் எதைக் கேட்டனர் என்பதற்குப் பொதுவான பதிவேடு அது ஒன்றே. பிற்காலத்து ஆய்வாளர் அதைத்தான் புரட்டிப் பார்ப்பர். புதியவர்களுக்கு இடம் வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்காகப் பழைய பாடலைக் கேட்பவரின் செவியைப் பாதிச் செவியாகக் கணக்கிடும் பதிவேடு, தான் எதைப் பதிவு செய்கிறது என்பதை மறைக்கிறது. ஒரு பாடலுக்கு விலக்கு கிடைத்ததே தவிர, விதி நீக்கப்படவில்லை.

‘வாம்’ இசைக்குழுவின் ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ இவ்விதியின் கீழேயே ஏறிவந்த பாடல். 1984 திசம்பரில் அதை இரண்டாமிடத்தில் நிறுத்தியது, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பலர் சேர்ந்து பாடிய பாடல். அதிலும் வாம் குழுவின் ஜார்ஜ் மைக்கேல் பாடியிருந்தார். தம் பாடலின் வருவாயையும் அந்நிவாரணத்துக்கே வழங்கினார். 2007 முதல் ஆண்டுதோறும் திசம்பரில் அப்பாடல் பட்டியலுக்குத் திரும்பியது. 2021 சனவரி முதல் நாள் பட்டியலில் முதன்முறையாக முதலிடம் பெற்றது. 2023இல் கிறிஸ்துமஸ் வாரத்தின் முதலிடமும் அதற்கு வாய்த்தது. ஜார்ஜ் மைக்கேல் 2016ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று மறைந்திருந்தார்.