வன்தட்டின் பழுதும் அதன் பதிவும்



கணினியில் நாம் சேமிக்கும் கடிதமும் கணக்கும் மாணவர் புள்ளிப்பட்டியலும் வன்தட்டு என்னும் கருவியிலே தங்குகின்றன. அக்கருவிக்கும் கணினியின் பணிசெயல் முறைமைக்கும் இடையே நின்று, ஏவலைக் கொண்டுசென்று மறுமொழியைக் கொண்டுவரும் மென்பொருளைச் செலுத்தி என்பர். வன்தட்டு பழுதுறும்போது அச்செய்தியை முதலிற் கேட்பது செலுத்தியே. கேட்டதை அது எவ்வாறு எழுதிவைத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நம் பாடசாலைகளிற் சம்பவத்திரட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. "இன்று ஒரு தவறு நடந்தது" என்று மாத்திரம் அதில் எழுதினால், பின்னர் அதனைப் புரட்டுபவர் யாது அறிவார்? செலுத்தியின் குறிப்பும் அத்தகையதே. "வாசிப்புத் தவறியது" என்னும் ஒற்றை வரி போதாது. எந்த வன்தட்டு, அதன் எத்தனையாவது பகுதி, வாசிக்கும்போதா எழுதும்போதா, எந்நேரம், எத்தனை முறை முயன்றது, கருவி தந்த மறுமொழி யாது என்பனவெல்லாம் அதில் இடம்பெறல் வேண்டும்.

இவற்றுள் கருவியின் மறுமொழியே தலையாயது. ஸ்கஸி என்னும் நியமத்தைத் தழுவிய கருவிகள், தவறு நேரும்போது அதன் வகையை ஓர் எண்ணால் உணர்த்துகின்றன. 1 எனின், தவறு நேர்ந்தும் கருவி தானே சமாளித்துக்கொண்டது. 3 எனின், தரவு பதியும் பரப்பிலே குறை. 4 எனின், கருவியின் உறுப்பிலே கோளாறு. 5 எனின், கருவிக்கு இட்ட ஏவலே முறையற்றது.

இந்நான்கினையும் "தவறு" என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் நேர்வது என்ன? 5 வந்த இடத்திற் குற்றமற்ற வன்தட்டைக் கழற்றி எறிவர். குற்றமுள்ள மென்பொருளோ புதிய தட்டிலும் அதனையே செய்யும். 1 அடிக்கடி வருவதை எழுதாது விட்டால், தரவுகளைப் பிரதிசெய்து காப்பதற்குக் கிடைத்த அவகாசம் வீணே கழியும். பின்னர் ஒருநாள் 3 வரும்போது, ஒரு வைத்தியசாலையின் நோயாளர் குறிப்புகள் மீளாது போகவுங்கூடும்.

அளவு மிஞ்சினும் தீமையே. நலிந்த தட்டொன்று சிறு பொழுதிற் பெருந்தொகையான தவறுகளைத் தரக்கூடும். அத்தனையும் எழுதப்புகின், மூலகாரணத்தைக் கூறும் முதல் வரி அவ்வெள்ளத்தில் மறைந்துவிடும். ஆதலால், லினக்ஸ் முறைமையின் கருநிரலில், கட்டுப்பாட்டுக்கு உட்படும் செய்திகளுக்கு 5 விநாடிக்கு 10 என்பது வழமையான வரம்பாகும். விடுபட்டவை எத்தனை என்பதையும் அது குறித்துவைக்கும். அத்தொகையைக் குறியாது விடுவதாயின், அது சுருக்கமன்று, மறைப்பேயாகும்.

இன்னுமொன்று: பழுதுற்ற தட்டிலேயே அதன் பழுதுக் குறிப்பையும் எழுதிவைத்தால், தட்டு அழியும்போது சான்றும் உடனழியும். வலையமைப்பின் வழியே வேறொரு கணினிக்கும் அக்குறிப்பை அனுப்பிவைத்தலே அறிவுடைமை.

செலுத்தியை எழுதுவோர் சிலரே; வன்தட்டை நம்பியிருப்போரோ நாம் எல்லோரும். ஆகவே, உங்கள் கணினி கோப்பொன்றைத் திறக்க மறுக்குமாயின், இயன்றவற்றை முதலிற் பிரதிசெய்து கொள்ளுங்கள். பின்பு, திருத்துபவரிடம், தட்டை மாற்றுமுன் பழுதுக் குறிப்பேட்டை வாசித்துப் பார்க்கும்படி கேளுங்கள்.