ரஃப்லேசியா: பூவுக்கு மட்டும் வேலி போட்டால் போதுமா?

மலேசியாவின் பத்து ரிங்கிட் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் அதில் ஒரு பெரிய பூ தெரியும். அதுதான் ரஃப்லேசியா. 2012-ஆம் ஆண்டு வெளியான நோட்டுத் தொடரில் இடம்பெற்ற இந்தப் பூ, நாள்தோறும் மக்களின் கைகளில் புரள்கிறது. காட்டிலோ அதன் நிலை கவலைக்கிடமாக உள்ளது.

தென்கிழக்காசியக் காடுகளில் மட்டுமே வளரும் ரஃப்லேசியாவில் 42 வகைகள் அறியப்பட்டுள்ளன. அவை அனைத்துமே அழிவை எதிர்நோக்குகின்றன என்றும், அவற்றில் 25 வகைகள் மிகக் கடுமையான ஆபத்தில் உள்ளன என்றும் 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெரிவித்தது. அவற்றின் வாழிடங்களில் மூன்றில் இரண்டு பங்கு பாதுகாக்கப்பட்ட வனங்களுக்கு வெளியே இருக்கிறது.

மற்றப் பூச்செடிகளைப்போல் இதைத் தோட்டத்தில் வளர்த்துக் காப்பாற்ற முடியாதா? அது எளிதன்று. ரஃப்லேசியாவுக்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை, வேரும் இல்லை. திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த டெட்ராஸ்டிக்மா என்னும் காட்டுக்கொடியின் உள்ளே ஒட்டுண்ணியாக வாழ்கிறது. கொடியைப் பிளந்து வெளிவரும் மொட்டு முட்டைக்கோஸ் அளவுக்குப் பருக்கப் பல மாதங்கள் ஆகும். ஆனால், மலர்ந்த பூ ஏறக்குறைய ஒரு வாரத்தில் கறுத்து அழுகிவிடும்.

பெரும்பாலான வகைகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இரண்டும் ஒரே சமயத்தில், அருகருகே மலர வேண்டும். அழுகிய இறைச்சி போன்ற நாற்றத்திற்கு வரும் ஈக்கள்தாம் மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன. காடு துண்டாடப்பட்டால் இந்தச் சந்திப்பே நிகழாது. இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்கா, ரஃப்லேசியா குடியேறிய கொடியை வேறொரு கொடியுடன் ஒட்டுக்கட்டி, பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2010-இல் ஒரு பூவை மலரச் செய்தது. எனினும், அது காட்டுக்கு ஈடாகாது.

பிரசவித்த பெண்களுக்கு மருந்தாகும் என்று நம்பி இதன் மொட்டுகளைப் பறித்து விற்கும் வழக்கமும் உண்டு. தடை போடுவதால் மட்டும் இது நின்றுவிடாது. பூ காட்டில் இருப்பதால் அங்குள்ள மக்களுக்கு வருமானம் கிடைக்க வேண்டும். சபாவின் ரானாவ் வட்டாரத்தில் நில உரிமையாளர்கள் தங்கள் நிலத்தில் மலரும் பூவைப் பாதுகாத்து, பார்வையாளர்களிடம் கட்டணம் பெறுகின்றனர். பேராக் மாநிலத்தின் கோப்பெங் அருகே, உலு கெரோவில் செமாய் பூர்வக்குடியினர் வழிகாட்டிகளாக இருந்து பூவைக் காட்டுகின்றனர்.

காணச் செல்வோருக்கும் பொறுப்பு உண்டு. பாதையை விட்டு விலகி எடுத்து வைக்கும் ஓர் அடி, தரையோடு படர்ந்த கொடியையும் கோலிக்குண்டு அளவிலான மொட்டையும் நசுக்கிவிடும். கொடி மடிந்தால், அதனுள் இருக்கும் ரஃப்லேசியாவும் மடியும். ஆகவே, பூவைச் சுற்றி வேலி போடுவதோடு கடமை முடிவதில்லை. கொடியும் ஈயும் வாழும் காட்டையே காக்க வேண்டும்.