மிஞ்சி நிற்கும் காற்று

ஆஸ்திரேலியாவில் குடியேறியிருக்கும் வாசகர் ஒருவர், வருகிற குளிர்காலத்தில் தம்முடைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் சிம்ப்ஸன் பாலைவனத்தைக் கடக்க உத்தேசித்திருப்பதாகவும், வண்டியிலேயே நிரந்தரமாகப் பொருத்திக்கொள்ளத்தக்க காற்றுக் கம்ப்ரஸர் ஒன்றை வாங்கப் போன இடத்தில் கடைக்குக் கடை வெவ்வேறு எண்களைச் சொல்லித் தம்மைத் திகைக்க வைத்துவிட்டதாகவும் எழுதி, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறார். அந்தப் பாலைவனத்தில் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் ஒன்றுக்கொன்று இணையாக நீண்டு கிடக்கின்றன. மேற்கிலிருந்து புறப்படுகிறவன் அவற்றை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, பேர்ட்ஸ்வில் என்ற சிற்றூரை நெருங்குகிற சமயத்தில், ஏறக்குறைய 40 மீட்டர் உயரமுள்ள ‘பிக் ரெட்’ என்ற பெருமேட்டையும் தாண்டியாக வேண்டும். தார்ச் சாலையில் சதுர அங்குலத்துக்கு 36 ராத்தல் அழுத்தத்தில் ஓடிய டயரை 16 ராத்தலுக்குத் தளர்த்தினால்தான் அதன் அடித்தடம் நீண்டு மணலின்மேல் படியும். பாலைவனம் முடிந்து கெட்டிச் சாலை வந்ததும் அதே டயரை மறுபடி 36க்கு ஏற்றாமல் வேகமாக ஓட்டினால், பக்கச் சுவர்கள் ஓயாமல் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழிந்துபோகும்.

மணலில் டயரைத் தளர்த்துகிற வித்தை புதிதன்று. ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, லிபியப் பாலைவனத்தின் மணற்கடலில் ஃபோர்டு கார்களை ஓட்டி, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இதைக் கையாண்டார். இரண்டாம் உலகப் போரில் நீரிலும் நிலத்திலும் சென்ற அமெரிக்க ‘டக்’ லாரிகளில், ஓட்டுநர் தம் ஆசனத்தில் இருந்தபடியே டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு இருந்தது. சரித்திரம் இவ்வளவு போதும்.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். இத்தகைய வண்டியின் 33 அங்குல டயர் ஒன்றின் உட்புறம் சுமார் 100 லிட்டர் கொள்ளும். அதை 16 ராத்தலிலிருந்து 36க்கு உயர்த்த, வெளிக்காற்றில் ஏறக்குறைய 136 லிட்டரை உள்ளே திணிக்க வேண்டும். நான்கு டயர்களுக்குமாக 540 லிட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே பெட்டியின்மேல் ‘நிமிஷத்துக்கு 70 லிட்டர்’ என்று அச்சிட்டிருக்கும் யந்திரம் எட்டு நிமிஷத்தில் வேலையை முடித்துவிடும் என்று கணக்குப் போடத் தோன்றும். அப்படி முடிவதில்லை. ஏனெனில் அந்த எண் பெரும்பாலும், குழாயின் வாயை ஒன்றிலும் மாட்டாமல், எதிர்ப்பே இல்லாத வெட்டவெளியில் ஊதவிட்டு அளந்த எண். டயரோ எதிர்த்து நிற்கிறது. எதிர்ப்பு ஏற ஏற யந்திரத்தின் வரத்துக் குறைகிறது. அது ஏன் குறைகிறது என்பதில்தான், கம்ப்ரஸர் என்ற இந்த எளிய யந்திரத்தின் அழகு முழுதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பிஸ்டன் எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டிருந்தாலும் சிலிண்டரின் தலையைத் தொட்டுவிடக் கூடாது; இடையில் மெல்லியதோர் இடைவெளி விட்டே தீரவேண்டும். ஒவ்வொரு தள்ளலின் முடிவிலும், நெருக்கப்பட்ட காற்றில் ஒரு சிறு பகுதி வெளியேற வழியின்றி அந்த இடைவெளியில் தங்கிவிடுகிறது. மாலை நேரத்து டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி நிறுத்தத்தில் கூட்டம் இறங்கிவிடுகிறது. பின்மூலையில் நசுங்கி நின்ற நாலைந்து பேர் மட்டும் உள்ளேயே நின்றுவிடுகிறார்கள். நெருக்கம் தீர்ந்ததும் அவர்கள் கையை நீட்டி, காலை நீட்டி, ஆளுக்கோர் இருக்கையில் சாய்ந்து, பக்கத்து இருக்கையில் பையையும் வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே நிற்பவர்களைக் காட்டிலும் தாராளமாக உட்கார்ந்த பிறகே முன்கதவைத் திறப்பது என்று ஒரு விசித்திரமான கண்டக்டர் விதி வைத்திருக்கிறார் என்றால், புதிதாக ஏறுகிறவர்களுக்கு எத்தனை இடம் மிஞ்சும்? கம்ப்ரஸரின் உள்வாங்கும் வால்வு அந்தக் கண்டக்டரேதான். மிஞ்சிய காற்று விரிந்து, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே இறங்கிய பிறகுதான் அது திறக்கிறது.

பிஸ்டன் ஒரு தடவை நகர்ந்து பெருக்குவது 40 கன சென்டிமீட்டர், இடைவெளி 2 என்று வைத்துக்கொள்வோம். 36 ராத்தல் டயருக்கு ஊதும்போது மிஞ்சிய காற்றின் விரிவினால் வீணாகும் ஓட்டம் நூற்றுக்கு 8 பங்கு; 150 ராத்தலுக்கு ஊதும்போதோ நூற்றுக்கு 27. செலவைக் குறைக்க எண்ணி, இடைவெளி 4 ஆகும்படி யந்திரத்தை அசட்டையாகச் செய்துவிட்டால், அதே 150 ராத்தலில் பாதிக்கு மேல் வீணாகும். எதிர்ப்பு இன்னும் ஏறினால் ஒரு கட்டத்தில் மூலையில் மிஞ்சியவர்களே எல்லா இருக்கைகளையும் நிரப்பிவிட, பஸ் போவதும் வருவதுமாக இருக்கும். ஏறுபவரும் இல்லை, இறங்குபவரும் இல்லை. இதில் இன்னொரு விசேஷமும் உண்டு: அந்தப் பழைய பிரயாணிகள் காலை நீட்டும்போது பஸ்ஸையே சற்று உந்தித் தள்ளுகிறார்கள், அதாவது விரிகிற காற்று தன்னை நெருக்கச் செலவான சக்தியில் பெரும்பகுதியைப் பிஸ்டனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆகையால் இதனால் பேட்டரிக்கு நேரும் நஷ்டம் சொற்பம், நஷ்டமாவது நேரந்தான்.

நேரம் நீண்டால் உஷ்ணம் பெருகும். 27 டிகிரியில் உள்ளே வந்த காற்று, வெப்பத்தை இழக்காமல் 36 ராத்தலுக்கு நெருக்கப்பட்டால் 150 டிகிரியை எட்டும். 100 ராத்தலுக்கு என்றால் 260ஐத் தாண்டும். சூடேறிய சிலிண்டரின் சுவர், வரும் காற்றை வாசலிலேயே வீங்கச் செய்து வரத்தை மேலும் குறைக்கிறது; சுமை கூடிய மோட்டாரும் வேகம் தளர்கிறது. ‘ட்யூட்டி சைக்கிள்’ என்று போட்டிருக்கும் விகிதத்துக்கு அர்த்தம் இதுவே: நூற்றுக்கு 33 என்றால் அரைமணியில் பத்து நிமிஷம் ஓடலாம், இருபது நிமிஷம் ஆறவேண்டும். எந்த அழுத்தத்தில், எந்த வெளி உஷ்ணத்தில் என்று சொல்லாத ட்யூட்டி சைக்கிளுக்கு மதிப்பில்லை. யந்திரத்தை விட்டு வெளிவரும் முதல் குழாய் எஃகு வலை பின்னியதாக இருக்கவேண்டியதும் இந்த உஷ்ணத்தினால்தான்.

கூடவே ஒரு காற்றுத் தொட்டியும் வாங்கினால் டயர் நொடியில் நிரம்பும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்களாம். 4 லிட்டர் தொட்டியில் 150 ராத்தலுக்கு அடைத்த காற்று 36க்கு இறங்குவதற்குள் தருவது 31 லிட்டர். ஒரு டயருக்கே 136 வேண்டியிருக்க, இது கால்வாசிக்கும் காணாது. விளிம்பிலிருந்து கழன்ற டயரை ஒரே வீச்சில் உட்கார வைக்கவும், காற்றினால் இயங்கும் கருவிகளுக்கும் தொட்டி உதவும். இந்தப் பிரயாணத்துக்கு அது வெறும் பாரம். ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒருசேரச் சுழல வைக்கும் ‘டிஃப் லாக்’ காற்றினால் இயங்குவதாக உள்ள வண்டிக்கு வேண்டியது அழுத்தமேயன்றி அளவன்று. அதற்குச் சிறிய யந்திரமே போதும்.

ஆகவே அன்பர் கடைக்காரரிடம் கேட்கவேண்டியவை இரண்டு: 30 ராத்தல் எதிர்ப்பில் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வரும், அந்த எதிர்ப்பில் ஓய்வின்றி எத்தனை நிமிஷம் ஓடும். முதலாவதற்கு 50 லிட்டருக்கு மேலும், இரண்டாவதற்கு இருபது நிமிஷத்துக்குக் குறையாமலும் விடை வந்தால் தயங்காமல் வாங்கலாம். 30 ஆம்பியர் இழுக்கும் யந்திரத்தைச் சிகரெட் லைட்டர் துளையில் மாட்டாமல், தடித்த கம்பியில் ஃபியூஸ் வைத்து நேரே பேட்டரியோடு இணைக்க வேண்டும். காற்று ஏற்றும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உள்வாங்கும் வாயின் வடிகட்டியைப் புழுதி எட்டாத உயரத்தில் வைத்து, பேர்ட்ஸ்வில் போய்ச் சேர்ந்ததும் கழற்றித் தட்டிப் பார்த்தால், சிம்ப்ஸனின் செம்மணல் அதற்குள்ளும் கொஞ்சம் இருக்கும்.