மருந்து தெளிகருவி: எதைத் திருத்துவது, எதை விடுவது?

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களிடம் எஞ்சியிருக்கும் விவசாய உபகரணங்களில் ஒன்று, முதுகில் சுமந்து மருந்து அடிக்கும் தெளிகருவி. சில வீடுகளில் அது பல வருடங்களாகக் கொட்டில் மூலையில் கிடந்திருக்கும். சில இடங்களில் உதவியாகக் கிடைத்த ஒன்றை இரண்டு மூன்று குடும்பங்கள் மாறிமாறிப் பாவித்திருக்கும். குத்தகைக் காணியில் மிளகாயோ வெங்காயமோ நட்ட பின் எடுத்துப் பார்த்தால் அது சரியாக வேலை செய்யாது.

அப்போது சிலர் கடைக்குப் போய் எல்லா வாசர்களையும் வாங்கி மாற்றுகிறார்கள். சிலர் ஒழுகும் இடத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு அடிக்கிறார்கள். முதலாவதால் பணம் வீணாகிறது. இரண்டாவதால் நஞ்சு முதுகுத் தோல் வழியாக உடலுக்குள் போகிறது. எனவே கருவியின் பாகங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்போம்: எப்போதும் சுத்தம் செய்ய வேண்டியவை, குறை தெரிந்தால் மட்டும் திறக்க வேண்டியவை, திருத்தாமல் மாற்ற வேண்டியவை.

முதலில் தண்ணீர்ச் சோதனை

கையில் தடித்த பொலித்தீன் உறையைப் போட்டுக்கொண்டு ராங்கியை மூன்று தடவை கழுவுங்கள். கழுவிய நீரைக் கிணற்றடியில் ஊற்றக் கூடாது. ஏற்கனவே மருந்து அடித்த நிலத்திலேயே ஊற்ற வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது விரைவில் நிலத்தடி நீரைச் சேர்ந்துவிடும்.

பின்பு ராங்கியில் பாதிக்குச் சுத்தமான தண்ணீர் விட்டு, கருவியை நிலத்தில் வைத்துக் கைப்பிடியைப் பத்துப் பன்னிரண்டு தடவை அடியுங்கள். எங்கே ஒழுகுகிறது, எப்படி விசிறுகிறது என்று கவனியுங்கள். பாகங்களைக் கழற்றும் முன் விசையைத் திறந்து, உள்ளேயுள்ள அமுக்கம் முழுவதையும் வெளியேற்ற வேண்டும்.

எப்போதும் சுத்தம் செய்ய வேண்டியவை

வாயிலுள்ள வடி, கைபிடிக்குள் இருக்கும் சிறிய வடி, நொசில் ஆகிய மூன்றும் இவை. கருவி சரியாக அடிக்காததற்குப் பல வேளைகளில் இவற்றில் அடைத்த மண்ணும் மருந்துப் படிவுமே காரணம். சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல் தூரிகையும் போதும். நொசில் துளையைக் கம்பியாலோ ஊசியாலோ குத்தினால் துளை பெருத்துவிடும். வாயால் ஊதுவது ஆபத்து.

நொசில் தேய்ந்துவிட்டதா என்று அறிய, ஒரு நிமிடத்தில் விழும் தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து அளவுங்கள். அதே வகைப் புது நொசிலையும், அதே வேகத்தில் கைப்பிடியை அடித்து, இவ்வாறே அளவுங்கள். பழையது 10 வீதத்துக்கு மேல் கூடுதலாக விட்டால் மாற்ற வேண்டும். உதாரணமாக, புதியது 600 மில்லிலீற்றர் விட்டால், பழையது 660க்கு மேல் போகக் கூடாது. தேய்ந்த நொசில் ஒவ்வொரு ராங்கியிலும் மருந்தை வீணாக்கும்.

குறை தெரிந்தால் மட்டும் திறக்க வேண்டியவை

கைப்பிடி பாரமில்லாமல் லேசாகப் போனால் பிஸ்ரனின் கிண்ண வாசரைப் பாருங்கள். அடிக்கும்போது தண்ணீர் திரும்ப ராங்கிக்குள் குமிழியிட்டால் உள்வரும் வால்வு சரியாக மூடவில்லை. அடித்துவிட்ட கைப்பிடி தானாகத் திரும்பித் தள்ளினால் வெளிச்செல்லும் வால்வில் குறை இருக்கலாம். விசையை மூடிய பின்னும் நொசில் சொட்டினால் விசைக்குள் இருக்கும் வளைய வாசர் தேய்ந்திருக்கும்.

வால்வைக் கண்டவுடன் மாற்ற வேண்டாம். ஒரு மணல் துகள் இருந்தாலும் அது மூடாது. கழுவிப் பூட்டி மறுபடி சோதித்துப் பாருங்கள். குறை காட்டாத பாகத்தைக் கழற்றுவதால் நன்மையில்லை. இறுகிய பழைய வாசர் கழற்றும்போதே கிழிந்துவிடும்.

பழைய பித்தளைக் கருவிகளில் தோல் வாசர் இருக்கும். கிடந்து காய்ந்த தோலை ஓர் இரவு தேங்காயெண்ணெயில் ஊறவிட்டால் பெரும்பாலும் மறுபடி இளகும். றப்பர் வாசருக்கு எண்ணெய், கிறீஸ், மண்ணெண்ணெய் எதுவும் படக் கூடாது. அது ஊதிப் பழுதாகும். அதற்குச் சவர்க்கார நீரே போதும்.

திருத்தாமல் மாற்ற வேண்டியவை

வெடித்த அமுக்க அறை, வெடித்த குழாய், மூடாத மூடி, அறுந்த தோள்பட்டி ஆகியவற்றை ஒட்டியோ கட்டியோ பாவிக்கக் கூடாது. அமுக்கம் ஏறும்போது ஒட்டு விடும். பட்டி அறுந்தால் ராங்கி முதுகிலிருந்து சரிந்து மருந்து உடலில் கொட்டும். ராங்கியின் வெடிப்பைச் சூட்டுக் கம்பியால் உருக்கி ஒட்டுவதும் நம்பத்தக்கதல்ல. கையில் உள்ள காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், விசிறலைச் சீராக்கும் பாகத்தைப் பிறகு பார்க்கலாம்; ஒழுக்கை நிறுத்தும் பாகத்தை முதலில் வாங்குங்கள். அந்தப் பாகம் வரும்வரை மருந்து அடிக்க வேண்டாம்.

மாற்ற வேண்டிய பாகங்களின் விலையைக் கூட்டிப் பாருங்கள். அது புதுக் கருவியின் பாதி விலையைத் தாண்டினால், அயலவருடன் சேர்ந்து புதியதொன்றை வாங்குவது நல்லது. பழையதன் கைப்பிடி, தெளிகுழாய், பட்டி ஆகியவற்றை உதிரிப்பாகமாக வைத்திருக்கலாம். ஆனால் அதன் ராங்கியை எவ்வளவு கழுவினாலும் குடிநீருக்கோ சமையலுக்கோ எடுக்கக் கூடாது. தண்ணீர்ப் பாத்திரம் தட்டுப்பாடான இடங்களில் இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.

பொதுவாக ஒரு கருவியைப் பாவிக்கும் குடும்பங்கள், களைநாசினி அடித்தால் அதை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். மிச்சமிருக்கும் களைநாசினி தக்காளி, மிளகாய்க் கன்றுகளைக் கருக்கிவிடும். வேலை முடிந்ததும் கழுவி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு வைத்தால் அடுத்த போகத்துக்கும் அதே வாசர்கள் உதவும்.