சர்வர் விழுந்தாலும் சாவி கையில் இருக்க வேண்டும்

"சர்வர் டவுன் சார், மதியத்துக்கு மேல வாங்க." திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகம் பக்கம் சான்றிதழுக்காக அலைந்தவர்களுக்கு மட்டுமல்ல, வங்கிக்கோ டிக்கெட் கவுன்டருக்கோ போன எல்லோருக்கும் பழக்கமான பதில் இது. சொல்பவர் மேசையில் இருக்கும் கணினி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். விழுந்த இயந்திரம் இருப்பது சென்னையிலோ மும்பையிலோ, சில சமயம் ஜெர்மனியிலோ.

சர்வரின் டிஸ்க் என்றால் ஒருநாள் பழுதாகத்தான் செய்யும். அதில் ஆச்சரியமில்லை. தூரத்தில் இருக்கும் அந்தச் சர்வருக்குள், பஸ் ஏறாமல் மறுபடி போக முடிகிறதா என்பதுதான் கேள்வி.

முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரம் காலை 9.39க்கு அனுப்பிய ஒரு பிழையான கோப்பால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பிழையான கோப்பை அந்த நிறுவனம் 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் பல கணினிகள் நெட்வொர்க்கில் சேரும் முன்பே விழுந்து, ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி விழுந்தன. திருத்தம் அவற்றைப் போய்ச் சேரவே இல்லை. ஒருவர் நேரில் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு முன் 48 இலக்க மீட்பு எண் வேறு வேண்டும்.

2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக்கும் வாட்ஸ்ஆப்பும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியதும் இதே வகைச் சிக்கல்தான். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களின் நெட்வொர்க்கையே அறுத்தது. சரிசெய்யப் பயன்படும் கருவிகளும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால், பொறியாளர்களை டேட்டா சென்டருக்கு நேரில் அனுப்பினார்கள்.

சின்ன அளவில் இது தினமும் நடக்கிறது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவலை எழுதும் ரெய்டு 1 போட்டிருக்கிறோம், கவலையில்லை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் சர்வரைக் கிளப்பும் பூட் லோடர் முதல் டிஸ்க்கில் மட்டும் இருந்தால்? முதல் டிஸ்க் செத்தபிறகும் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் எழுந்திருக்காது. லினக்ஸில் இன்னொரு பொறி உண்டு. பேக்கப்புக்காகச் சேர்த்த கூடுதல் டிஸ்க் பழுதானால், அடுத்த ரீஸ்டார்ட்டில் பெரும்பாலான லினக்ஸ் வகைகள் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய்விடும். தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் தொடங்காது, வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிஸ்க்கின் வரியில் 'நோஃபெயில்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், டிஸ்க் இல்லாமலே சர்வர் எழுந்திருக்கும்.

இதையெல்லாம் தாண்டி, பெரிய சர்வர்களின் மதர்போர்டில் தனியாக ஒரு குட்டிக் கணினியே உண்டு. டெல் அதை ஐடிராக் என்கிறது, ஹெச்பிஇ ஐலோ என்கிறது. இதற்கான பொது விதிமுறையான ஐபிஎம்ஐ 1998லேயே வந்துவிட்டது. இந்தக் குட்டிக் கணினிக்குத் தனிச் செயலி உண்டு, பெரும்பாலும் தனி நெட்வொர்க் போர்ட்டும் உண்டு. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, சர்வர் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். சர்வரின் திரையை வீட்டிலிருந்தே பார்க்கலாம், கீபோர்டை இயக்கலாம், பவரை அணைத்துப் போடலாம். பாதாளக் கரண்டி வைத்திருக்கும் வீட்டில் வாளி கிணற்றில் விழுந்தாலும் பதற மாட்டார்கள், அதுபோல. ஆனால் இதை நேராக இணையத்தில் திறந்து வைப்பது திருடனுக்குச் சாவி கொடுப்பதுதான். தனி நெட்வொர்க்கில் வைத்து விபிஎன் வழியாக மட்டுமே தொட வேண்டும். அந்த விபிஎன் அதே சர்வரில் ஓடக்கூடாது.

வாடகைச் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ரெஸ்க்யூ மோட் போதும். நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனலில் அதைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க் வழியே ஒரு சிறிய லினக்ஸ் மெமரியில் எழும்பும். அதிலிருந்து பழைய டிஸ்க்கைத் திறந்து பழுது பார்க்கலாம். கன்ட்ரோல் பேனலுக்கான ஓடிபி வரும் மின்னஞ்சல் அதே சர்வரில் இருந்தால் இதுவும் பயனில்லை. இப்படி வைத்திருப்பவர்கள் நினைப்பதைவிட அதிகம் என்பது என் ஊகம்.

டிஸ்க்கைவிட நம் கைதான் அதிக ஆபத்து. ஃபயர்வாலில் ஒரு வரி தப்பாகப் போட்டால் நம்மையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். ஜூனிப்பர் ரவுட்டர்களில் இதற்கு அழகான தீர்வு உண்டு. மாற்றத்தைத் தற்காலிகமாக ஏற்கச் சொல்லலாம். பத்து நிமிடத்துக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே அது திரும்பிவிடும். லினக்ஸிலும் இப்படி ஒரு டைமர் வைத்துவிட்டு ஃபயர்வாலைத் தொடுவது நல்லது.

திருவண்ணாமலையில் விடுதி முன்பதிவுக்கோ கடை பில்லிங்குக்கோ தூரத்துச் சர்வரை நம்பியிருப்பவர்கள், அதைக் கவனிக்கும் ஆளிடம் இன்றே இரண்டு கேள்வி கேளுங்கள். சர்வர் எழாவிட்டால் எந்த வழியாக உள்ளே போவீர்கள்? கடைசியாக எப்போது அந்த வழியைச் சோதித்துப் பார்த்தீர்கள்? பதில் தடுமாறினால், பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு நாள் பார்த்து, ரெஸ்க்யூ மோடில் ஒருமுறை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.