ஆயில், பொறி, பெட்ரோல்: ஹெரால்டு மறுபடி ஓடிய வரிசை

மும்பை மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். 1915-ல் தொடங்கிய அந்த இடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: வேலையை வரிசையாகச் செய், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. செம்பூரில் எங்கள் சொசைட்டியின் பின்பக்கம் நிற்கும் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் எஞ்சினை நானே பிரித்து மாட்டியபோது அந்தப் பாடம்தான் கைகொடுத்தது.

ஹெரால்டை 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் கொண்டுவந்தது. வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிகெலோட்டி. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இங்கேயே தயாரித்தது. பார்வைக்குக் குடும்பக் கார். ஆனால் இதன் சேஸியைக் குறுக்கி, இதே ரக எஞ்சினைப் பெரிதாக்கிப் போட்டு 1962-ல் டிரையம்ப் விட்டதுதான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் மாதிரி. அதனால் இங்கே நான் சொல்வது அந்த வண்டிக்கும் பொருந்தும். இரண்டிலும் முன் மட்கார்டுகளோடு சேர்த்து பானெட் மொத்தமும் முன்பக்கம் சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்தபடி எஞ்சினில் கை வைக்கலாம்.

என் வண்டிக்கு வந்த வியாதி நீலப் புகை. பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் மேலேறி எரிந்தால் வருவது அது. ஹெட்டை இறக்கிப் பார்த்ததில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடமும் குழிந்திருந்தது. இதற்குப் பெட்ரோலும் ஒரு காரணம். அந்தக் காலப் பெட்ரோலில் கலந்த ஈயம், வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு இருக்கைக்கு மெத்தையாகப் படிந்திருந்தது. 2000-ல் நாடு முழுக்க ஈயம் நின்றுபோனது. நல்லதற்குத்தான், ஆனால் பழைய வால்வுகளுக்கு மெத்தை போயிற்று.

ஹெட்டைத் தாராவியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் திருநெல்வேலிக்காரர். "அண்ணாச்சி, எக்ஸாஸ்டுக்கு மட்டும் கடினமான ரிங் அடிச்சுத் தாரேன். இனி எந்தப் பெட்ரோல் ஊத்துனாலும் குழியாது" என்றார். சொன்னபடி செய்தும் கொடுத்தார். சில்லறைச் சாமான்களை குர்லா சிஎஸ்டி ரோட்டுப் பழைய ஸ்பேர் கடைகளில் தேடி எடுத்தேன். பிஸ்டன் ரிங், பேரிங் புதிது. மாட்டியாயிற்று. இனிமேல்தான் பலர் அவசரப்பட்டுச் சாவியைத் திருகுவார்கள்.

முதலில் ஆயில்

புதிதாகக் கோத்த எஞ்சினில் ஆயில் பம்ப் காய்ந்திருக்கும், ஆயில் ஓடும் துளைகள் காலியாக இருக்கும். அப்படியே ஓடவிட்டால் புது பேரிங் சில நொடிகளிலேயே கீறல் வாங்கிவிடும். அதனால் நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட வேண்டும். காயில் ஒயரையும் பிடுங்கிவிட வேண்டும். பிறகு செல்ஃப் அடிக்க வேண்டும், விட்டு விட்டு, மோட்டார் சூடாகாமல். பிளக் இல்லாததால் உள்ளே காற்று அமுங்காது. எஞ்சின் லேசாகச் சுற்றும், பேரிங்குக்குப் பாரமில்லை. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைந்தால் அழுத்தம் வந்துவிட்டது என்று பொருள். மேலே ராக்கர் மூடியையும் திறந்து, அங்கேயும் ஆயில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

அடுத்து பொறி

பேட்டரி மாட்டும் முன் எர்த் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பிளஸ் முனைதான் பாடியோடு இணையும். இன்றைய பழக்கத்தில் மைனஸை மாட்டினால் டைனமோ கெடலாம்.

இனி டைமிங். ஒன்றாம் பிஸ்டன் உச்சிக்கு வருவது இரண்டு சந்தர்ப்பங்களில்: ஒன்று பெட்ரோலும் காற்றும் அமுங்கும்போது, இன்னொன்று புகை வெளியேறி முடியும்போது. பொறி விழ வேண்டியது முதலாவதில். பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து எஞ்சினைக் கையால் சுற்றினால், அமுங்கும் சுற்றில் காற்று விரலைத் தள்ளும். அப்போது புல்லி அடையாளத்தைப் பார்த்து நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார் ஒன்றாம் பிளக் ஒயரை நோக்குகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பிடுங்கிய காயில் ஒயரைத் திரும்ப மாட்டி, சாவியைத் திருப்பி வைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சின்ன பல்பை மாட்டினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் அது எரியும். அந்தக் கணமே பொறியின் கணம். வெடிப்பு வரிசை 1-3-4-2. பிளக்குகளைத் திரும்பப் போட்டு, ஒயர்களை அதே வரிசையில் மாட்ட வேண்டும்.

கடைசியில் பெட்ரோல்

இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரமையும் எத்தனால் அரிக்கும். மும்பை மழைக்கால ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினேன். டேங்கில் நெடுநாள் கிடந்த பெட்ரோலை வடித்தேன். பம்ப்பின் கைப்பிடியைத் தட்டித் தட்டி கார்புரேட்டரை நிரப்பி, சோக் இழுத்து, சாவியைத் திருகினேன்.

எனக்குப் பிடித்துக்கொண்டது. உங்களுக்குக் கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. கார்புரேட்டர் வழியே படபடவென்று வெடித்தால் டைமிங் தவறு, அல்லது ஒயர் மாறிவிட்டது. கோளாறு பெரும்பாலும் நீங்கள் கடைசியாகக் கை வைத்த இடத்தில்தான் இருக்கும், அங்கிருந்து தேடுங்கள்.

பிடித்துவிட்டது என்றால் நின்ற இடத்திலேயே உறுமவிட்டு ரசிக்காதீர்கள். புது ரிங் சிலிண்டரோடு படிய அதற்குப் பாரம் வேண்டும். ஒழுகல், சூடு பார்த்துவிட்டு வண்டியை ரோட்டுக்கு எடுத்து, மிதமாக ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். எஞ்சின் ஆறியபின் ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மறுபடி முறுக்கி, டேப்பெட் இடைவெளியைச் சரிபாருங்கள். 500 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றுங்கள்.

ஓடும் வண்டிக்குப் பதிவும் வேண்டும். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்குத் தவிர அந்த வண்டி ரோட்டில் வரக்கூடாது. மாட்டுங்காவில் காய்கறி வாங்கப் போக எனக்கு வண்டி வேண்டும். ஆகவே வழக்கமான பதிவையே வைத்துக்கொண்டு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறேன். அடுத்த ஆய்வுக்கு வடாலா ஆர்டிஓவுக்கு இதை லாரியில் ஏற்றிக்கொண்டு போகப் போவதில்லை.