வீசமும் சதவீதமும்

பெரகலச் சந்தியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே வீட்டுக் கணக்கு அரை, கால், முக்கால் என்றே நடைபெறுகின்றது. சம்பளச் சீட்டிலோ 8 சதவீதம், 12 சதவீதம் என்று வருகின்றது. இவை ஒரே அளவின் இரு பெயர்களே என்பதை மாணவர் உணர்ந்தால் பெற்றோரின் சீட்டைத் தாமே சரிபார்த்துவிடலாம்.

வழி எளிது. பின்னத்தின் தொகுதியெண்ணைப் பகுதியெண்ணால் வகுத்தால் தசமம். அதனை நூறால் பெருக்கினால் சதவீதம். எட்டில் ஒன்றாகிய அரைக்கால் 0.125, அதாவது 12.5 சதவீதம். பதினாறில் ஒன்றாகிய வீசம் 0.0625, அது 6.25 சதவீதம். இந்தியாவில் 1957 வரை ரூபாய்க்குப் பதினாறு அணா வழங்கிற்று. ஓர் அணா ஒரு வீசமே. இலங்கையோ 1872இலேயே ரூபாயை நூறு சதமாக்கிவிட்டது.

பழைய பின்னங்களில் இன்னும் சில உண்டு. இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. தசமத்தில் இவை 0.05, 0.0125, 0.003125. யாவும் மீதமின்றி முடிவதைக் காண்க. இவற்றின் பகுதியெண்கள் இரண்டையும் ஐந்தையும் மட்டுமே பெருக்கிப் பெற்றவை. பத்தும் அவ்விரண்டின் பெருக்கமன்றோ? தசமப் புள்ளியை அறியாத காலத்தே அதற்கு இத்துணை இணக்கமான பின்னங்களை நம்மவர் கையாண்டது எமக்கு என்றும் வியப்பே.

எல்லாப் பின்னங்களும் இவ்வாறு பணிவதில்லை. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, உலர்ந்து ஒரு கிலோ தேயிலையாகின்றது. ஒன்றை நாலரையால் வகுத்தால் ஒன்பதில் இரண்டு, தசமத்தில் 0.2222 என ஓயாது ஓடும். 22 சதவீதம் என்று நிறுத்தினால் ஆயிரம் கிலோ கொழுந்துக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தேயிலை கணக்கிலே மறைந்துவிடும்!

இனிச் சம்பளச் சீட்டுக்கு வருவோம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு இன்று தொழிலாளி 8 சதவீதமும் தொழில் தருநர் 12 சதவீதமும் செலுத்தவேண்டும். இவை பின்னத்தில் 25இல் 2, 25இல் 3. கூட்டினால் ஐந்தில் ஒன்று. நிதிக்குரிய மாதச் சம்பளம் 20,000 ரூபாய் எனக் கொள்வோம். தொழிலாளியின் பங்கு 1,600. நிர்வாகத்தின் பங்கு 2,400. பின்னதைத் தொழிலாளியின் சம்பளத்திற் கழித்தல் ஆகாது. சேமலாப நிதிக்கான கழிவு 1,600க்கு மேற்பட்டிருந்தால் காரணம் கேட்கவேண்டும். கணக்கில் மாதந்தோறும் சேரவேண்டிய மொத்தத்தை அறிய இருமுறை பெருக்க வேண்டியதில்லை; சம்பளத்தை ஐந்தால் வகுத்தாற் போதும்.